பார்த்தேன், சரி

ஆஜரானவர்கள்:

ஒருமை அதிகாரி திலகராணி.
எழுத்தர் எந்திரம்.
பனிக்குழி மேற்பார்வையாளர் பாக்கியவதி, மனுதாரருக்குத் துணையாக.
இசக்கியப்பன், வயது நாற்பத்து மூன்று, பனிவெட்டுப் பிரிவு.
இசக்கியப்பன், வயது நாற்பத்து மூன்று, பனிவெட்டுப் பிரிவு.

கடைசி இரண்டு பெயர்களுக்கும் சேர்த்து ஒரு நாற்காலி போட்டிருந்தது. அதில் ஓர் ஆள் உட்கார்ந்திருந்தான். அறையில் இருந்த யாருக்கும் இது விநோதமாகப் படவில்லை. தென்பள்ளத்தில் மாதம் இரண்டு மூன்று பேராவது இப்படி இரண்டாகிவிடுவார்கள். பெரும்பாலோர் அரைமணி நேரத்தில் ஒன்றாகித் திரும்பிப் போவார்கள். சிலர் போவதில்லை.

தென்பள்ளம் நிலவின் தென்முனையில், வெயில் இறங்காத ஒரு பெரும்பள்ளத்தின் அடியில் இருக்கிறது. நாலாயிரம் பேர். பனிக்கட்டியை வெட்டித் தண்ணீராகவும் மூச்சுக்காற்றாகவும் மாற்றுவதுதான் தொழில். காற்றை ஆளுக்கு இவ்வளவு என்று அளந்து விடுவார்கள். அதனால் யார் எவன் என்பது அங்கே தத்துவக் கேள்வி அல்ல.

ஆரம்பத்தில் முகத்தை வைத்து ஆளை அடையாளம் கண்டார்கள். முகத்துக்குப் போலி வந்தது. குரலுக்குப் போனார்கள், பிறகு கைரேகைக்கு, கருவிழிக்கு, ரத்தத்துக்கு. எல்லாவற்றுக்கும் வந்தது. ஒரே பெயரில் பதினோரு பேர் மூச்சு விட்டுக்கொண்டிருந்தது ஒரு வருடம் தெரியவந்தபோதுதான் புதுச் சட்டம் போட்டார்கள். நகலெடுக்க முடியாதது ஒன்றுதான் மிச்சம் என்றார்கள் ஆய்வாளர்கள். ஒருவன் தனக்கு வரும் அஞ்சல்களை எப்படிப் பிரிக்கிறான் என்பது அது. எதை உடனே பார்ப்பான், எதைப் பிறகு என்று ஒதுக்குவான், எதை வேண்டாம் என்று தள்ளுவான். நூறு அஞ்சல்களைக் கொடுத்தால் ஒரே வயிற்றில் பிறந்த இரண்டு பேர்கூட ஒரே மாதிரி பிரிப்பதில்லை.

ஆகவே ஒருமைச் சட்டம். ஒவ்வொருவருக்கும் மூன்று கருவிகள். அறையில் சுவர்த்திரை, வேலையில் தலைக்கவசத்தின் கண்ணாடிக்குள் ஒளிரும் கவசத்திரை, நடைபாதைகளில் காதுமணி. ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு பிரிப்பான் இருக்கிறது. உடையவனின் பழக்கத்தைப் பார்த்துப் பார்த்து அவனைப் போலவே பிரிக்கக் கற்றுக்கொள்ளும். மூன்று பிரிப்பான்களும் தினம் ஒருமுறை தங்களுக்குள் பேசி ஒத்துப்போகும். அதற்கு ஒத்திசைவு என்று பெயர். மூன்றும் ஒரே மாதிரி பிரித்தால் ஒரே ஆள். நூற்றுக்கு ஐந்துக்கு மேல் வேறுபட்டால் பின்னால் இரண்டு ஆட்கள் இருக்கிறார்கள் என்று சட்டம் எடுத்துக்கொள்ளும். உடம்பு ஒன்றா இரண்டா என்று அது கேட்பதில்லை. உடம்பை நம்புவதைச் சட்டம் எப்போதோ விட்டுவிட்டது.

இசக்கியப்பனின் வேறுபாடு நூற்றுக்கு அறுபத்தொன்று.

"ரெண்டு பேரும் உக்காந்தாச்சா?" என்று கேட்டாள் திலகராணி. விதிப்படி கேட்க வேண்டிய கேள்வி.

"உக்காந்தாச்சு மேடம்."

"நீங்க எந்த இசக்கியப்பன்?"

"ஒரே இசக்கிதான் மேடம். வேற யாரு இருக்கா?"

"எல்லாரும் அப்படித்தான் சொல்றாங்க."

பக்கத்தில் இருந்த பாக்கியவதி தொண்டையைச் செருமினாள். ஐம்பத்தைந்து வயது, இருபது வருடமாகக் குழியில் ஆட்களை இறக்கி ஏற்றுகிறவள். "இவன் ரெண்டு ஆளெல்லாம் இல்லம்மா. ஒரு ஆளு வேலையவே இவன் ஒழுங்கா பாக்க மாட்டான்."

அதிகாரி சிரிக்கவில்லை. சுவரில் நேரம் ஒன்று பத்து என்று காட்டியது. மாலை நான்கு மணிக்குப் பூமிக்குக் கப்பல். இசக்கியப்பனுக்கு நான்கு வருடத்தில் கிடைத்த முதல் விடுப்பு, முதல் சீட்டு. இரண்டு ஆள் என்று முடிவானால் அதில் யார் உபரி என்று கண்டுபிடிக்கும்வரை சீட்டை முடக்கிவிடுவார்கள். அடுத்த கப்பல் பதினான்கு மாதம் கழித்து. ஊரில் மனைவி தங்கபுஷ்பம் இருக்கிறாள். அவன் இந்த நாற்காலியில் உட்கார்ந்து வியர்ப்பது அவளிடம் போவதற்காகத்தான்.

"பதினோரு மாசமா ஒத்திசைவு அணைச்சு வெச்சிருக்கீங்க. ஏன்?"

"குழிக்கு இறங்குறப்ப அணைக்கது வழக்கம் மேடம்."

அது உண்மை. எட்டு வருடத்துக்கு முன் குழியில் ஒருத்தன், குழந்தை பிறந்த சேதியைக் கவசத்திரையில் வாசித்துக்கொண்டே தன் காற்றுக்குழாயைத் தானே வெட்டிக்கொண்டான். அறையில் உடனே என்று வைத்தவை கவசத்துக்கும் தாவக்கூடாது என்று அன்றிலிருந்து இறங்குமுன் எல்லோரும் குழிவாயில் வரிசையாக நின்று ஒத்திசைவை அணைத்துவிட்டு, அதற்கு அடையாளமாக வெறும் உள்ளங்கையைப் பாக்கியவதியிடம் காட்டிவிட்டுத்தான் இறங்குவார்கள். எந்த விதியிலும் எழுதப்படவில்லை. ஆனால் கை காட்டாதவனை அவள் இறக்க மாட்டாள்.

"ஏறி வந்ததும் திரும்பப் போடணுமே."

"மறந்துட்டேன்."

இது பொய். மறக்கவில்லை. ஒத்திசைவு இருந்தபோது ஒருநாள் ஷிஃப்ட் முடிந்து அறைக்கு வந்தவன், சுவர்த்திரையில் புஷ்பத்தின் அஞ்சல் சலவைப்பிரிவு அறிவிப்புக்குக் கீழே கிடப்பதைப் பார்த்தான். குழியில் அவன் அவளைப் பிறகு என்று ஒதுக்கியதைக் கவசத்திரை கற்றுக்கொண்டு, சுவரிடம் சொல்லியிருந்தது. அவனுக்குச் சுருக்கென்றது. மறுநாள் ஏறி வந்தவன் ஒத்திசைவைப் போடவில்லை. அதன்பிறகு குழியில் அவள் பிறகு, அறையில் அவள் உடனே. ஷிஃப்ட் முடிந்து வந்து பூட்ஸைக் கழற்றும்போது சுவரின் உச்சியில் சிவப்பு எழுத்தில் அவள் பெயர் நிற்கும். அதைப் பார்த்ததும் நெஞ்சு நிறையும். தான் நல்ல புருஷன் என்ற நிம்மதியோடு படுத்துத் தூங்கிவிடுவான்.

அதிகாரி பத்து அஞ்சல்களைப் பொறுக்கி மேஜைக்கு மேல் மிதக்கவிட்டாள். மூன்று கருவிகளும் அதே இடத்தில் மறுபடி பிரிக்க வேண்டும். முதல் மூன்றும் புஷ்பம் அனுப்பியவை. சுவர் உடனே என்றது. கவசம் பிறகு என்றது. காதுமணி கவசத்தோடு சேர்ந்துகொண்டது. நான்காவது காற்றுப்பிரிவின் எச்சரிக்கை. கவசம் உடனே, சுவர் வேண்டாம். ஐந்து, ஆறு, அதே கதை. ஏழாவது மெஸ்ஸில் ஞாயிற்றுக்கிழமை என்ன சாப்பாடு என்ற அறிவிப்பு. மூன்றும் ஒரே குரலில் உடனே என்றன.

"சோத்து விஷயத்துல ஒத்துமையா இருக்கீங்க," என்றாள் அதிகாரி.

பத்தில் நான்குதான் ஒத்துப்போனது. அவள் நாற்காலியில் சாய்ந்துகொண்டாள். "இசக்கியப்பன், எனக்கு உங்க மேல கோபம் எதுவும் இல்ல. ஆனா இதைப் பாத்தா யாரும் ஒரே ஆள்னு சொல்ல மாட்டாங்க. ஒருத்தருக்குப் பொண்டாட்டி மேல உசுரு. இன்னொருத்தருக்கு அந்தம்மா யாருன்னே தெரியாது போல."

"மேடம், கப்பல் நாலு மணிக்கு."

"தெரியும்."

"அடுத்தது பதினாலு மாசம் கழிச்சு மேடம்."

"அதுவும் தெரியும்."

அவன் பாக்கியவதியைப் பார்த்தான். அவள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சொல்லலாமா வேண்டாமா என்று யோசிக்கிற முகம். பிறகு சொன்னாள்.

"அம்மா, இந்தப் பிரிப்பானுங்க எப்படிப் பிரிச்சிருக்குன்னுதான பாக்கீங்க. இவன் என்ன செஞ்சான்னு பாக்கலியே. பதினாலாம் பிரிவுன்னு ஒண்ணு இருக்குல்லா?"

இருக்கிறது. செயல் ஒப்பீடு என்று பெயர். பிரிப்பு வேறுபட்டாலும், பிரித்த அஞ்சலை வைத்துக்கொண்டு இரு பக்கமும் செய்த காரியம் ஒன்றானால், ஆளும் ஒன்றே. யாரும் அதைக் கேட்பதில்லை. உடனே என்று வைத்தவன் வாசித்திருப்பான், பிறகு என்று வைத்தவன் வாசித்திருக்க மாட்டான், ஒப்பிட்டால் வேறுபாடு கூடத்தான் செய்யும் என்பது பொது நம்பிக்கை.

"பிரச்சினை பெருசாகிடும்," என்றாள் அதிகாரி.

"ஆகாதும்மா. நான் இவனுக்குப் பக்கத்துலயே நாலு வருசமா இருக்கேன்."

இசக்கியப்பனுக்குப் புரிந்துவிட்டது. காது சூடேறியது. இரண்டு பெண்களுக்கு முன்னால் இதை எண்ணிக் காட்டப்போகிறார்கள். நேரம் ஒன்று ஐம்பது.

"பாருங்க மேடம்," என்றான்.

எழுத்தர் எந்திரத்துக்கு எண்ணி முடிக்க மூச்சு விடும் நேரம்கூட ஆகவில்லை. ஏற்ற இறக்கமில்லாத குரலில் அறிவித்தது. "பதினோரு மாதத்தில் தங்கபுஷ்பம் அனுப்பியவை இருநூற்றுப் பன்னிரண்டு. சுவர்த்திரையில் இருநூற்றுப் பன்னிரண்டும் உடனே. திறந்தவை, எதுவுமில்லை. கவசத்திரையில் இருநூற்றுப் பன்னிரண்டும் பிறகு. திறந்தவை, எதுவுமில்லை. காதுமணியில் கேட்டவை, எதுவுமில்லை. பிற அஞ்சல்களிலும் இதே நிலை. மெஸ் அறிவிப்புகள் மட்டும் மூன்றிலும் திறக்கப்பட்டுள்ளன. செயல் வேறுபாடு, சுழியம்."

அதிகாரி அந்த எண்களை மறுபடி ஒருமுறை சரிபார்த்தாள்.

"பதினேழு வருஷமா இந்த நாற்காலியில இருக்கேன்," என்றாள் திலகராணி. "சுழியம் இப்பதான் பாக்குறேன். இவ்வளவு ஒருமையா ஒரு மனுஷன் இருக்க முடியும்னு நினைச்சதில்ல." கையை மேஜையில் பதித்தாள். "ஒரே ஆள். சான்று வழங்கியாச்சு. சீட்டு செல்லும்."

இசக்கியப்பன் உள்ளங்கைகளைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டான். வெட்கம் வந்த வேகத்தில் போய்விட்டது. ஐந்து நாளில் வீடு. அஞ்சலில் என்ன எழுதியிருந்தால் என்ன, அவளே நேரில் சொல்லிவிடப்போகிறாள், வாசிக்காமல் விட்டதில் ஒன்றும் கெட்டுப்போகவில்லை என்று நினைத்துக்கொண்டு எழுந்தான்.

"ஒரு நிமிடம்," என்றது எழுத்தர் எந்திரம். "ஒருமை ஐயத்தில் இருந்ததால் நிறுத்திவைக்கப்பட்ட ஆவணம் ஒன்று உள்ளது. சான்று வழங்கப்பட்டதால் அது இந்த நிமிடம் நடைமுறைக்கு வருகிறது. மணமுறிவு உடன்படிக்கை. அனுப்பியவர் தங்கபுஷ்பம். எதிர்த்தரப்பின் சம்மதம் பெறப்பட்டுள்ளது."

"எந்த எதிர்த்தரப்பு?"

"நீங்கள்."

அவன் சிரிக்கப் பார்த்தான். "நான் எதுக்கும் சம்மதிக்கல. நான் அதை வாசிக்கவே இல்லன்னு இப்பத்தான நீயே சொன்ன."

"சம்மதம் சுவர்த்திரையிலிருந்து அனுப்பப்பட்டுள்ளது."

தென்பள்ளத்தில் எல்லார் சுவரிலும் இருக்கிற வசதிதான் அது. உடனே என்று வைத்த அஞ்சல் மூன்று நாள் திறக்காமல் கிடந்தால், அனுப்பியவர் மனம் வருந்தக்கூடாது என்று, உடையவன் வழக்கமாக எழுதுகிற பதிலைப் பிரிப்பானே அனுப்பிவிடும். தனக்கு அப்படி ஒன்று இருக்கிறது என்பதே பாதிப் பேருக்கு நினைவில் இருக்காது. இசக்கியப்பன் வந்த புதிதில் மனைவிக்குத் தானே எழுதிய பதில்களைப் பார்த்துச் சுவர் கற்றுக்கொண்டிருந்தது. அவை பெரும்பாலும் இரண்டே வார்த்தைகள். பார்த்தேன், சரி.

"வாசிக்கச் சொல்லட்டுமா?" என்று கேட்டாள் அதிகாரி. இப்போது அவள் குரல் தணிந்திருந்தது.

அவன் தலையாட்டினான். எந்திரம் வாசித்தது. அதற்குத் தெரிந்த ஒரே குரல் அறிவிப்புக் குரல்தான்.

"ஒன்பதாவது அஞ்சல். 'மாடியில தண்ணி தேங்கி அடுக்களைச் சுவரு ஊறுது. ஆளு கூப்பிடவா, இல்ல நீங்க வந்து பாத்துக்கிடுவீங்களா?' பதில், பார்த்தேன், சரி.

"எழுபத்தொன்றாவது. 'என்ன கேட்டாலும் ஒரே பதிலுதான் வருது. எழுதுறது நீங்கதானா?' பதில், பார்த்தேன், சரி.

"நூற்று நாற்பதாவது. 'நான் நேத்து செத்துப்போயிட்டேன். நாளைக்குக் காலையில எடுக்காங்க.' பதில், பார்த்தேன், சரி."

பாக்கியவதி முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"நூற்றுத் தொண்ணூற்றெட்டாவது. இணைப்பு, மணமுறிவு உடன்படிக்கை. 'சம்மதம் இல்லன்னா ஒரு வார்த்தை எழுதுங்க. வழக்கமா எழுதுறது இல்லாம வேற ஒரு வார்த்தை. திட்டுனாக்கூடப் போதும். இதைக் கிழிச்சுப் போட்டுருதேன்.' பதில், பார்த்தேன், சரி.

"இருநூற்றுப் பன்னிரண்டாவது. 'இனிமே இந்த வீட்டுக்கு வர வேண்டாம். வந்தா ரெண்டு பேருக்கும் சங்கடம்.' பதில்—"

"போதும்," என்றான் இசக்கியப்பன்.

அவன் மெதுவாக மறுபடி அதே நாற்காலியில் உட்கார்ந்தான்.

"மேடம். நான் ரெண்டு பேருதான்."

"இசக்கியப்பன்."

"நெசமா மேடம். அறையில இருக்கவன் வேற. சம்மதிச்சது அவன். நான் குழியில இருக்கவன். எனக்கு எதுவும் தெரியாது. நீங்க ஆரம்பத்துல சொன்னதுதான் சரி, அவன உபரின்னு எழுதிக்கிடுங்க."

"அவன்தான் நீங்கன்னு இப்பத்தான் நிரூபிச்சீங்க. சுழியம் வேறுபாடு. மேல இருந்து ஆள் வந்தாலும் இதை மாத்த முடியாது."

"அது எந்திரம் எழுதுன பதிலு."

"எந்திரம் உங்களைப் பாத்துத்தான் கத்துக்கிச்சு. நீங்களே வாசிச்சிருந்தாலும் இதைத்தான் எழுதியிருப்பீங்கன்னு அது கணக்குப் போட்டிருக்கு. தப்புன்னு சொல்றீங்களா?"

அவன் வாயைத் திறந்தான். மாடியில் தண்ணீர் தேங்குகிறது என்று அவள் எழுதியதைத் தான் வாசித்திருந்தால் என்ன பதில் எழுதியிருப்போம் என்று நினைத்துப் பார்த்தான். ஷிஃப்ட் முடிந்த களைப்பு, கழற்றிய பூட்ஸ், சுவரில் அவள் வரி. கொஞ்ச நேரம் நேர்மையாகவே நினைத்துப் பார்த்தான். பிறகு வாயை மூடிக்கொண்டான்.

"மேல்முறையீடு உண்டு," என்றாள் அதிகாரி. "அஞ்சல்ல அனுப்பலாம்."

"அனுப்புனா எப்பப் பாப்பீங்க?"

திலகராணி தன் சுவரை ஒரு தடவை திரும்பிப் பார்த்தாள். அதில் மேல்முறையீடுகள் என்ற தலைப்பின் கீழ், பிறகு என்ற பெட்டியில், மூவாயிரத்து நானூற்றாறு என்று இருந்தது.

"பாக்குறோம்," என்றாள்.

அவன் போகாமல் இருக்கவும் வழியில்லை. அவன் அறையைக் காலையிலேயே புதிதாக வந்த ஒருவனுக்கு எழுதிவிட்டார்கள். அவன் பங்குக் காற்று மாலை நான்கு மணியோடு தென்பள்ளத்தில் முடிகிறது, அதற்கு மேல் அவனுடைய மூச்சு கப்பல் பட்டியலில்தான் இருக்கிறது. சான்று பெற்ற ஓர் ஆள், ஓர் இருக்கை. பாக்கியவதி அவன் பையை வாங்கிக்கொண்டு கூடவே நடந்தாள். கப்பல்வாசல் வரை நீளமான நடைபாதை. பாதி தூரம் போனதும் அவள் நடையைக் குறைத்தாள்.

"எனக்குத் தெரியாதுடே," என்றாள் அவள். "சீட்டு போயிரக்கூடாதுன்னுதான் பதினாலாம் பிரிவச் சொன்னேன்."

"நீங்க என்ன செய்வீங்கக்கா. நல்லதுக்குத்தான சொன்னீங்க."

"எங்க போவ?"

"வீட்டுக்குத்தான். வேற எங்க?"

"வர வேண்டாம்னு எழுதியிருக்கா."

"நேர்ல போயி நின்னா என்ன செய்வா? பேசித்தான ஆகணும்."

பாக்கியவதி நின்றுவிட்டாள். குழிவாயில் ஆட்களை நிறுத்திப் பார்க்கிற மாதிரி அவனை ஏற இறங்கப் பார்த்தாள். "என்னன்னுடே பேசுவ? அவ உங்கிட்ட என்ன பேசியிருக்கான்னே உனக்குத் தெரியாது. இருநூத்திச் சொச்சத்துல நாலோ அஞ்சோதான் கேட்டிருக்க. அதுவும் எந்திரம் வாசிச்சு. உனக்கு அஞ்சு நாளு இருக்கு. உள்ள வேற சோலி ஒண்ணும் கெடையாது. மொத அஞ்சல்ல இருந்து ஒண்ணு விடாம வாசி. எறங்குறப்பவாவது அவ புருசனா எறங்கு."

"வாசிக்கணுங்க்கா."

"வாசிக்கணும் இல்ல. வாசி."

"சரிக்கா."

கப்பல்வாசலில் ஊழியன் அவன் சான்றைப் பார்த்து வழிவிட்டான். இசக்கியப்பன் பாக்கியவதியிடமிருந்து பையை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டு உள்ளே கால் வைத்தபோது காதுமணி பேசியது. சான்று வந்ததால் ஒத்திசைவு தானாகவே இயங்கிவிட்டதாம். மூன்று கருவிகளிலும் முரண்பட்டுக் கிடக்கும் இருநூற்றுப் பன்னிரண்டு அஞ்சல்களை இனி ஒரே பெட்டியில் வைக்க வேண்டுமாம். உடனேயா, பிறகா, வேண்டாமா என்று கேட்டது.

இசக்கியப்பன் தயங்கவே இல்லை. "உடனே," என்றான். வெளியே நின்ற பாக்கியவதிக்கும் கேட்கும்படி உறுதியாகச் சொன்னான்.

இருநூற்றுப் பன்னிரண்டும் ஒரே நொடியில் சிவப்பாகி உச்சிக்கு ஏறின. காதுமணி நன்றி சொன்னது. காலையிலிருந்து நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்த பாரம் அப்போதுதான் இறங்கியது. பெரிய வேலை ஒன்றை முடித்துவிட்டவனைப் போல நீளமாக மூச்சு விட்டான். அவளிடம் நேரில் சொல்வதற்கும் இப்போது ஒன்று இருந்தது. உன்னுடையது எல்லாவற்றையும் உடனே என்று வைத்தேன் புஷ்பம், ஒன்றைக்கூடத் தள்ளவில்லை.

"வாசிச்சிருவல்லா?" என்று வெளியிலிருந்து கேட்டாள் பாக்கியவதி.

"ரெண்டு நாளா தூக்கமே இல்லக்கா. ஏறி உக்காந்து ஒரு தூக்கம் போட்டுட்டு, எந்திரிச்ச உடனே பாக்கேன்."

ஊழியன் நெம்புகோலைத் தள்ளினான். கதவு அவனுக்குப் பின்னால் மூடியது. பூட்டு மூன்று முறை திரும்பி விழுந்தது.